உங்களைச் சொல்லலண்ணா!

 

இந்த வாரம் தல வரலாறும் இல்லை, திருப்புகழ் விளக்கமும் இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். எழுதாம விட்டா உறுத்தல் போகாதுன்னு தோணுச்சு.

நான் ஒரகடத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடிச்சிட்டு ட்ரெய்னியா வந்தவன், இப்போ லைன் லீடர். மாத்தூரில் ரூம். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வாழ்க்கை தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: விடியுறதுக்கு முன்னாடியே ரோடு முழுக்கக் கம்பெனி பஸ், மூணு ஷிஃப்ட், ஒரே ரூமில் ஆறு பேர், மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதின டார்கெட்.

அந்த டார்கெட்டுக்கும் எங்க வாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. பீஸ் குறையக் குறைய வாய் நீளும். மெதுவா ஓடுற கன்வேயர் ‘நொண்டி’. அடிக்கடி ஏமாத்துற சென்சார் ‘குருடு’. கூப்பிட்டா திரும்பாதவன் ‘செவிடு’. சொன்னது புரியாதவன் ‘லூசு’, ‘மென்டல்’. மெஷினுக்கும் மனுஷனுக்கும் ஒரே அகராதி.

இதை நாங்க யாரும் கெட்ட வார்த்தைன்னு நினைச்சதே இல்லை. கெட்ட வார்த்தை லிஸ்ட் தனி. தைப்பூசத்துக்கு மாலை போட்டா அந்த லிஸ்ட்டை நிறுத்திடுவோம். நானும் போன முறை மாலை போட்ட நாள் முழுக்க ஒரு கெட்ட வார்த்தை பேசலன்னு பெருமைப்பட்டவன்தான். அந்த நாட்களிலும் ‘நொண்டி’, ‘குருடு’ எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கு வெச்சதே இல்லை.

*அன்னிக்கு நடந்தது*

எங்க லைனில் கடைசி ஸ்டேஷன் இன்ஸ்பெக்‌ஷன். அங்கே ஒரு அண்ணன் இருக்கார். வயசு நாற்பதுக்கு மேல. சின்ன வயசுல போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனவர். காலிபர் போட்டு நடப்பார். படப்பையிலிருந்து பக்கச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டரில் வருவார்.

என் வயசுக்காரங்களுக்குப் போலியோ என்றால் சொட்டு மருந்து முகாம் ஞாபகம்தான். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு இயற்கையான போலியோ வைரஸ் தாக்கியது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. நமக்கு அது இரண்டு சொட்டு. அண்ணனுக்கு அது ஒரு கால்.

வேலையில் கெட்டிக்காரர். ஒரு பீஸைக் கையில் எடுத்துப் பார்த்து “இது போகாது” என்று சொன்னா, கேஜ் போட்டுப் பார்த்தாலும் போகாது. வாயும் ஜாலியான வாய். கேன்டீனுக்குக் கிளம்பும்போது, “ஓடாதீங்கடா, நான் ஒன்றரைக் கால்ல வரேன்” என்பார். நாங்க சிரிப்போம். அதனால ‘அண்ணன் இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டார்’ என்று நானே ஒரு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்னிக்கு நைட் ஷிஃப்ட். ரெண்டு பேர் லீவு. டார்கெட்டுக்கு நாற்பது பீஸ் பாக்கி. புதுசா சேர்ந்த ட்ரெய்னி பையன் ட்ராலியைத் தள்ளிக்கிட்டு மெதுவா வர்றான். எனக்குள்ள இருந்த சூடு மொத்தமும் அவன் மேல போச்சு. “ஏன்டா நொண்டி மாதிரி வர? கால் இல்லையா உனக்கு?” என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

பையன் என்னைப் பார்க்கல. எனக்குப் பின்னாடி பார்த்தான். திரும்பினா அண்ணன், கையில் ஒரு பீஸோட நிக்கிறார்.

“உங்களைச் சொல்லலண்ணா!”

சட்டுன்னு வந்தது அதுதான். அவர் “ம்” என்று மட்டும் சொல்லிட்டு டேபிளுக்குப் போயிட்டார்.

டீ டைமில் பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடியும் அதையே சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வெச்சார். கோபமே இல்லாத குரல்.

“என்னைச் சொல்லலன்னு தெரியும் தம்பி. என்னைச் சொல்லியிருந்தா நானும் நாலு சொல்லியிருப்பேன், அதோட தீர்ந்திருக்கும். நீ அந்தப் பையனை மட்டம் தட்டணும்னு நினைச்ச. இருக்கறதுலயே மட்டமா ஒண்ணு தேடின. உன் கைக்குக் கிடைச்சது என் காலு.”

எனக்குப் பதில் வரல. ஆனா உள்ளுக்குள்ள ஒத்துக்கவும் இல்லை. அதையும் மறைக்காம சொல்லிடறேன். ரூமுக்கு வந்து படுத்தா மனசு கோர்ட்டு மாதிரி வாதாடிக்கிட்டே இருந்துச்சு. நான் என் பக்கம் எடுத்து வெச்ச வாதங்களை இங்கே வரிசையா வைக்கிறேன். உங்களில் பல பேர் இதையேதான் சொல்வீங்கன்னு தெரியும்.

*வாதம் 1: “அர்த்தம் மாறிப் போச்சு”*

‘நொண்டிச் சாக்கு’ என்று சொல்லும்போது யாராவது காலை நினைக்கிறார்களா? குழந்தைகள் நொண்டி ஆடுறாங்களே, அதில் யாருக்கு அவமானம்? வார்த்தை பழகிப் பழகித் தேய்ந்து போச்சு. இடம், பொருள், ஏவல் பார்க்கணும் இல்லையா?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நொண்டி என்பது பிறவியிலேயே கெட்ட வார்த்தை இல்லை. நொண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் தாவித் தாவி மற்றவர்களைத் தொடுகிற பிள்ளைதான் ஜெயிக்கும். அங்கே யாரும் யாரையும் தாழ்த்தவில்லை.

ஆனா என் கத்தலை எடுத்துக்குங்க. அந்தப் பையனுக்கு அது ஏன் சுருக்குன்னு குத்துச்சு? அப்படி நடப்பது கேவலம் என்று அவனும் நானும் லைனில் நின்ன எல்லாரும் ஏற்கெனவே நம்பியதால்தான். அந்த நம்பிக்கை இல்லேன்னா என் வார்த்தையில் காரமே இருந்திருக்காது. ‘நாயே’ என்று திட்டுவது நாயைத் தாழ்வா நினைக்கிற ஊரில்தான் திட்டு. அதே கணக்குதான். “காலை நினைக்கவே இல்லை” என்று நான் சொன்னது பொய். காலை எடுத்துட்டா அந்தத் திட்டு வேலையே செய்யாது.

‘நொண்டிச் சாக்கு’ சொல்லலாமா, பழமொழிகளை எல்லாம் என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனா ஒரு மனுஷனைப் பார்த்து, அவனைத் தாழ்த்த, இன்னொருவர் உடம்பை எடுத்து வீசுவது? அதில் எனக்கு இப்போ சந்தேகமே இல்லை.

*வாதம் 2: “அவரே சொல்லிக்கிறாரே!”*

ஒன்றரைக் கால் என்று அவரே ஜோக் அடிக்கிறார். அவர் சொன்னா காமெடி, நான் சொன்னா குற்றமா?

இதே கேள்வி நம்ம நாட்டில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ‘ஆங்க் மிச்சோலி’ என்று ஒரு இந்திப் படம். அதில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்திருக்கிறார்கள் என்று நிபுண் மல்ஹோத்ரா வழக்குப் போட்டார். அவரும் ஒரு மாற்றுத்திறனாளி. 2024 ஜூலை 8 அன்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு தீர்ப்பு சொன்னது. அதில் நகைச்சுவையை இரண்டாகப் பிரித்தார்கள். குறைபாட்டோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குப் புரிய வைக்கும் நகைச்சுவை ஒன்று. அந்த மனிதர்களையே சிறுமைப்படுத்தும் நகைச்சுவை இன்னொன்று. வார்த்தைகள் சமூகத்தில் பாகுபாட்டை வளர்க்கும், ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பையே குலைக்கும் என்றும் எச்சரித்தார்கள். அதே சமயம் சூழலைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்லவும் இல்லை.

அண்ணனின் ஜோக்கை இதில் வெச்சுப் பார்த்தேன். “ஒன்றரைக் கால்ல வரேன்” என்று அவர் சொல்லும்போது யாரும் தாழ்வதில்லை. ‘கொஞ்சம் மெதுவா போங்கடா’ என்பதைச் சங்கடம் இல்லாமல் சொல்கிறார். எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும் என்பது அவர் கையில். நான் கத்தினப்போ அவர் கையில் எதுவுமே இல்லை. ஒரே வார்த்தைதான் என்றாலும் சாவி யார்கிட்ட இருக்கு என்பதில் வித்தியாசம் வந்துடுது.

சட்டமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 92ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவாகப் பேசினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. இதைப் படிச்சப்போ முதலில் எனக்கு நிம்மதியாதான் இருந்துச்சு. ‘நோக்கத்தோடு’ என்று போட்டிருக்கே! எனக்கு அண்ணனை அவமானப்படுத்தும் நோக்கம் இல்லையே!

அப்புறம்தான் உறைச்சது. என் நோக்கத்தை அண்ணனும் சந்தேகப்படவே இல்லை. “தெரியும் தம்பி”ன்னுதானே ஆரம்பிச்சார்? நோக்கம் இல்லேன்னா சட்டம் என்னை விட்டுடலாம். அதனால அவர் மனசுல பட்ட அடி இல்லேன்னு ஆயிடுமா? ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்க்காம ரிவர்ஸ் எடுத்து ஒருத்தர் கால் மேல ஏத்திட்டு, ‘உங்க மேல ஏத்தணும்னு நினைக்கல’ன்னு சொல்ற மாதிரிதான் அது. உண்மையாவே இருக்கட்டும். முதல்ல வண்டியை நகர்த்தணும் இல்லையா?

*வாதம் 3: “வார்த்தையை மாத்தினா எல்லாம் மாறிடுமா?”*

அரசாங்கக் காகிதத்தில் ‘ஊனமுற்றோர்’ என்று இருந்ததை 2010இல் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றியது அன்றைய முதல்வர் கருணாநிதியின் ஆட்சி. நல்ல மாற்றம். ஆனா இப்போ என்ன நடக்குது? எங்க ரூமிலேயே ஒருத்தன் கேட்ச் விட்டா “மாற்றுத்திறனாளிடா நீ” என்று கிண்டல் பண்றாங்க. 2015 டிசம்பரில் மன் கி பாத் நிகழ்ச்சியில் பிரதமர் ‘திவ்யாங்’ என்று அழைக்கச் சொன்னார், தெய்வீக அங்கம் என்ற பொருளில். பல பேர் வரவேற்றார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் சிலவோ அது வேண்டாம் என்றார்கள். அண்ணன்கிட்ட கேட்டேன். “கும்பிடல்லாம் வேணாம். கார்த்திகைக்குக் கோயில் க்யூல இடிக்காம நின்னா போதும்” என்றார்.

ஆக, வெறும் வார்த்தையை மாத்தினா போதாது என்பது உண்மைதான். பழக்கம் மாறலேன்னா புது வார்த்தையும் ஒரு வருஷத்துல அழுக்காயிடும். ஆனா இந்த வாதத்துக்குப் பதில் எங்க லைன்லயே, என் தலைக்கு மேலயே போர்டுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

‘போக்கா யோகே’. கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது தெரியும். பார்ட்டைத் தப்பா மாட்டவே முடியாதபடி பின், சென்சார், ஃபிக்ஸ்சர் வைக்கிற முறை. ஜப்பான்காரர் ஷிகியோ ஷிங்கோ பரப்பிய முறை. ஆனா முதலில் அதன் பெயர் ‘பாக்கா யோகே’. பாக்கா என்றால் முட்டாள். அதாவது, முட்டாள் வந்தாலும் தப்பு நடக்காத ஏற்பாடு. 1963 வாக்கில் அரகாவா ஆட்டோ பாடி என்ற ஜப்பான் கம்பெனியில் ஒரு மேலதிகாரி, ‘இடது, வலது பார்ட்டை மாத்தி வெச்சிடுறாங்க, அதனால பாக்கா யோகே வெச்சிருக்கோம்’ என்று விளக்கியிருக்கிறார். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவ்வளவு முட்டாளாவா இருந்தேன் என்று கேட்டிருக்கிறார். மறுநாள் வேலைக்கே வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஷிங்கோ பெயரை மாற்றினார். ‘போக்கா’ என்றால் கவனம் தவறிச் செய்கிற பிழை. அது யாருக்கும் வரும்.

ட்ரெய்னிங்கில் இந்தக் கதையைக் கேட்டப்போ பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டேன். இப்போதான் புரியுது. அந்த மேலதிகாரி அந்தப் பெண்ணைத் திட்டவே இல்லை. ஒரு கருவியின் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். ‘உங்களைச் சொல்லலம்மா’ என்று அவரும் சொல்லியிருக்க முடியும். ஷிங்கோ அங்கே நிற்கவில்லை. பெயரோடு சேர்த்துப் பார்வையும் மாறுச்சு. கோளாறு மனுஷன்கிட்ட இல்லை, அது நடக்க வழி விட்ட முறையில்தான் இருக்கு என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

சரி, அந்த ட்ரெய்னி பையன் ஏன் மெதுவா வந்தான்? ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சது. புது சேஃப்டி ஷூ கடிச்சு ரெண்டு குதிகாலிலும் கொப்புளம். சைஸ் இல்லைன்னு ஒரு நம்பர் சின்னது கொடுத்திருக்காங்க. புதுப் பையன், கேட்கப் பயம். ‘ஏன்டா தம்பி மெதுவா வர?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல ஷூ மாத்தியிருக்கலாம். நான் கேட்கல. ‘நொண்டி’ என்று சொன்னதோட விஷயம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. திட்டு என்பது காரணம் தேடாம இருக்கறதுக்கு ஒரு சுலபமான வழியும் கூட.

*வாதம் 4: “நம்ம பெரியவங்களே சொல்லியிருக்காங்களே!”*

இது என் கடைசி வாதம். இதில்தான் நான் முழுசா மாறினேன்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், பொன்விளைந்த களத்தூரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். ‘அந்தகன்’ என்றால் பார்வையற்றவர். முதுகில் எழுத்து எழுதச் சொல்லி அப்படியே படித்துக்கொண்டார் என்று அவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. செய்யூர் முருகன் மேல் ‘சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ்’ பாடியவர் இவர்தான். அகத்தியரையும் பாருங்க. முருகன்கிட்ட தமிழ் கேட்டவர் என்று நாம் கும்பிடுகிறோம். அவரைக் ‘குறுமுனி’ என்கிறோம். குள்ளமானவர் என்றுதான் அர்த்தம்.

ஆக, உடம்பில் இருப்பதைச் சொல்வதே தப்பு என்று இல்லை. ‘அந்தகக்கவி’ என்று சொல்லும்போது அந்த வார்த்தை ஒரு கவிஞரோடு சேர்ந்து நிமிர்ந்து நிற்கிறது. ‘கண்ணு குருடாடா?’ என்று சொல்லும்போது அதே குறை இன்னொருவனை அடிக்கிற கல்லாகிறது. இடம், பொருள், ஏவல் பார்க்கணும் என்று நான் ஆரம்பத்தில் சொன்னது சரிதான். ஆனா அந்த மூன்றையும் என் பக்கம் நின்னே பார்த்துட்டேன். என் இடம், என் பொருள், என் ஏவல். பின்னாடி கையில் பீஸோட நின்னவரின் இடத்திலிருந்து பார்க்கவே இல்லை.

*நமக்கு நாமே கேட்க வேண்டியது*

இங்கே ஒரு விஷயம் கசப்பா இருக்கும். இருந்தாலும் சொல்றேன்.

‘நொண்டி’ என்று திட்டவே மாட்டேன் என்று சொல்கிற பக்தர்கள் நம்மில் நிறைய. ஆனா வேற ஒண்ணு சொல்வோம், மெதுவா, பாசமா. “போன ஜென்மத்துல என்ன பாவமோ...”

அண்ணன் ஒரு ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போயிருக்கார். நம்ம ஒரகடம் பக்கத்திலேயே, ஏழடி உயரத்தில் முருகன் நிற்கிற தலம். அருணகிரிநாதர் பாடிய கோடைநகர். க்யூவில் பின்னால் நின்ற ஒரு அம்மா அவர் காலைப் பார்த்து, “பூர்வ ஜென்ம வினைப்பா. இவன்கிட்ட அழு, சரியாக்கிடுவான்” என்று தோளைத் தட்டியிருக்காங்க. அண்ணன் சொன்னார்: “நான் போனது பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட்டுக்குடா. முருகனே என் காலைக் கேட்கல, அந்தம்மா கேட்டுச்சு.”

சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா என் ‘நொண்டி’க்கு வேர் எங்கே இருக்குன்னு அப்போதான் தெரிஞ்சது. உடம்பில் குறை இருந்தா அது தண்டனை, தண்டனை வாங்கினவன் தாழ்ந்தவன். இந்த எண்ணம் பழசு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ‘நொண்டி நாடகம்’ என்று தமிழில் தனியா ஒரு வகை இருந்தது. திருடப் போய், பிடிபட்டு, தண்டனையாக் காலை இழந்தவன், திருந்தி, சாமியைக் கும்பிட்டுக் கால் பெறுவான். திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்றே ஒன்று உண்டு. கருணையைச் சொல்ல வந்த கதைதான். ஆனா கூடவே இன்னொண்ணும் மனசுல பதிஞ்சு போச்சு: கால் இல்லேன்னா தப்பு பண்ணியிருப்பான், பக்தி இருந்தா கால் வந்திருக்கும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர், குறைபாட்டோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தால் என்கிற மாதிரி மாணவிகளிடம் பேசினார். அந்தப் பள்ளியின் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். வீடியோ ஊரெல்லாம் பரவியது. செப்டம்பர் 7 அன்று அந்தப் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். அப்போ நம்ம குரூப்களில் நடந்த சண்டை எல்லாம் ‘கர்மா உண்டா இல்லையா’, ‘மதத்தை அவமதிக்கிறாங்களா’ என்பதைப் பற்றித்தான். அந்த ஆசிரியர் இடத்தில் நின்னு யோசிச்சோமா? தன் மாணவிகள் முன்னாடி, தன் கண்ணை ஒரு பாவத்தின் சாட்சியா ஒருத்தர் காட்டும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நானும் அப்போ யோசிக்கல. பேச்சாளர் பக்கம் ரெண்டு மெசேஜ் கூட ஃபார்வர்டு பண்ணினேன்.

வினை உண்டு என்று நம்புகிறவன்தான் நான். என் வினையை நான் எண்ணிப் பார்த்தா அது என்னைத் திருத்தும். அடுத்தவர் உடம்பைப் பார்த்து அவர் வினையை நான் கணக்குப் போட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வினை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். தரிசன க்யூவில் நிற்கிற நமக்கு அந்த நோட்டு கையில் இல்லை.

இதில் எனக்கு வெளிச்சம் கொடுத்தது ரெண்டு அடியார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்ததுதான். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள். முருகன் அருளால் வாய் திறந்து ‘கந்தர் கலிவெண்பா’ பாடினார் என்பது வரலாறு. நாம் ஆயிரம் தடவை சொல்லிச் சிலிர்க்கிற கதை. இன்னொரு பக்கம் அந்தகக்கவி. அதே 17ஆம் நூற்றாண்டு. அதே முருகனைப் பாடினார். பார்வை வரவில்லை.

ஒருத்தருக்கு அருள் கிடைச்சது, இன்னொருத்தருக்குக் கிடைக்கலன்னு சொல்வோமா? பிள்ளைத்தமிழ் என்றால் குழந்தை முருகனைப் பருவம் பருவமாப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சுகிற பாட்டு. கண் தெரியாத ஒருவர் அதைப் பாடி, அவன் கேட்டான் என்றால், குறை போவது மட்டும்தான் அருள் என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்? குமரகுருபரரின் கதையை மட்டும் சொல்லிச் சொல்லி, குறை தீராத ஆயிரக்கணக்கானவர்களை ‘அருள் கிடைக்காதவர்கள்’ வரிசையில் நிறுத்திட்டோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். அவங்க எல்லாரும் சன்னதிக்கு வர்றது காலையும் கண்ணையும் கேட்கத்தான்னு நினைச்சா, வேலை, கல்யாணம், பொண்ணோட ரிசல்ட் எல்லாம் யார்கிட்ட கேட்பாங்க?

*கடைசியா*

மன்னிப்பு கேட்டேன். தனியா டீக்கடையில் கேட்டிருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும். ஆனா திட்டினது லைன் முழுக்கக் கேட்குற மாதிரி. அதனால ஷிஃப்ட் ஆரம்பத்துல எல்லாரும் நிற்கும்போதே கேட்டேன். முதலில் அந்தப் பையன்கிட்ட. அவனைத்தானே திட்டினேன்? அண்ணன்கிட்ட மட்டும் கேட்கணும்னு நினைச்சிருந்தேன், பையனை மறந்தே போயிட்டேன். “அவன்கிட்ட கேட்டியா?” என்று ஞாபகப்படுத்தினதே அண்ணன்தான். அப்புறம் அவர்கிட்ட. “உங்களைச் சொல்லலண்ணா” என்று இந்தத் தடவை சொல்லல.

பழக்கம் சுத்தமா போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. போன வாரம் கன்வேயர் மக்கர் பண்ணுச்சு. “நொண்டி மெஷினு...” என்று பாதி வந்துடுச்சு. அண்ணன் நிமிர்ந்து பார்த்து, “மெஷினுக்குமாடா போலியோ?” என்றார். லைனே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் போர்டில், ‘பெல்ட் லூஸ், ஸ்பீடு கம்மி’ என்று எழுதினேன். மெயின்டனன்ஸ் ஆள் வந்து பத்து நிமிஷத்தில் சரி பண்ணிட்டுப் போனார். ‘நொண்டி’ன்னு எழுதியிருந்தா எதை வந்து சரி பண்ணுவார்?

அடுத்த தடவை மாலை போடும்போது, நிறுத்த வேண்டிய வார்த்தைகள் லிஸ்ட்டில் இதையும் சேர்க்கப் போறேன். மாலை கழட்டின அப்புறமும் அப்படியே வெச்சுக்க முடியுமான்னு பார்க்கணும்.

அண்ணன் பொண்ணு ரிசல்ட் கேட்கறீங்களா? பாஸ். இப்போ நர்சிங் படிக்குது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!